ரேகையைப் பார்க்கும் முன் கதை காதில் விழுந்தால்

விரல்ரேகைப் பிரிவில் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து, 28 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் யாராவது கேட்பார்கள்: "பொணத்தையெல்லாம் பாத்திருப்பீங்களே, பயமா இருக்காதா?" பயம் இருக்காது. சேர்ந்த முதல் வருஷத்திலேயே அது போய்விடும். அதற்குப் பதிலாக வேறு இரண்டு தொல்லைகள் வரும். அவற்றைப் பற்றி எங்களுக்குப் பயிற்சியில் யாரும் சொல்லவில்லை. இப்போது தடயவியல் படிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காவது முன்கூட்டித் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் தொல்லை, கண் நம்மை ஏமாற்றுவது. இரண்டாவது, வேலை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வது. இரண்டும் வேறு வேறு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒரே வாசல் வழியாகத்தான் இரண்டும் நுழைகின்றன என்று புரியப் பல வருஷம் ஆனது.

வேலைக்குச் சேர்ந்து ஆறாவது வருஷம், தை மாதம். தனியாக இருந்த ஒரு வயதான அம்மாவை நகைக்காகக் கொன்றிருந்தார்கள். காவல்துறைப் பேச்சில் ஆதாயக் கொலை. மாவட்டத்தில் ஆள் குறைவு. ஸ்பாட்டுக்குப் போய் ரேகை எடுப்பதும் நான்தான், பிறகு ஆபீசில் உட்கார்ந்து ஒப்பிடுவதும் நான்தான். காதிலிருந்த கம்மலைக் கழற்றப் பொறுமையில்லாமல் அறுத்து எடுத்திருந்தார்கள். அந்தக் காதை நான் பார்த்தேன். என் வேலைக்கு அது தேவையில்லை, ஆனாலும் பார்த்தேன். அடுத்த நான்கு நாள் நான் செய்த வேலையில் அந்தக் காதும் கூட இருந்தது.

கூடத்தில் இருந்த தேக்கு அலமாரியின் கண்ணாடிக் கதவில் பவுடர் போட்டதும் ஒரு ரேகை எழுந்து வந்தது. சம்பவ இடத்தில் கிடைக்கும் இப்படியான ரேகையை நாங்கள் சான்ஸ் பிரிண்ட் என்போம். அரை விரல் அளவு, நடுவில் கொஞ்சம் தெளிவு, ஓரமெல்லாம் மங்கல். வீட்டில் வந்துபோகிறவர்களின் ரேகைகளை எடுத்து ஒதுக்கிவிட்டால், மிஞ்சுகிறது யாருடையது என்பதுதான் கேள்வி. ஒதுக்குவதற்காக எடுப்பதை எலிமினேஷன் பிரிண்ட் என்போம். அந்த அம்மாவின் மகன், மருமகள், வேலைக்காரப் பெண் மூவருடையதையும் எடுத்தோம். யாருடையதும் இல்லை.

மூன்றாம் நாள் அந்த வீட்டில் முன்பு டிரைவராக இருந்தவரைப் பிடித்தார்கள். விசாரணை அதிகாரி போன் செய்தார். "மேடம், ஆள் ஒத்துக்கிட்டான். பத்து விரல் சீட்டு அனுப்பியிருக்கேன். உங்க ரிப்போர்ட் மட்டும்தான் பாக்கி. எஸ்.பி. ஐயா சாயங்காலம் பிரஸ் மீட் வெக்கறாரு." அவரைக் குறை சொல்ல மாட்டேன். போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. அதனால் ரேகை கிடைத்தால் அதன் மேல்தான் மொத்தப் பாரமும் ஏறும்.

சீட்டையும் சான்ஸ் பிரிண்டின் பெரிதாக்கிய போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லென்ஸ் வழியாகக் குனிந்து பார்த்தேன். வலது ஆள்காட்டி விரல். வடிவம் ஒத்துப்போனது. ஒரு கோடு முடிகிற இடம், ஒரு கோடு இரண்டாகப் பிரிகிற இடம், அதற்கு மூன்று கோடு தள்ளி இன்னொரு முடிவு. ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனேன். இப்படி ஒத்துப்போகும் இடத்தைப் புள்ளி என்போம். 8 புள்ளி சேர்ந்தது. நான் வேலை செய்த இடத்தில் 8 இருந்தால் கையெழுத்துப் போடலாம். ஒரே ஒரு இடம் மட்டும் இடித்தது. சீட்டில் ஒரு கோடு நின்றுவிடுகிறது. கண்ணாடி ரேகையில் அது தொடர்ந்து போகிறது. கதவைத் திறக்கும்போது விரல் லேசாக இழுபட்டிருக்கும் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். அந்தப் பதில் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது.

எங்கள் டி.எஸ்.பி. ரொம்ப நிதானமான மனிதர். சரிபார்க்கக் கொண்டுபோய்க் கொடுத்தபோது முடிவு என்ன என்றே அவர் கேட்கவில்லை. "சீட்டை எடுத்து டிராயர்ல போடும்மா" என்றார். சான்ஸ் பிரிண்டின் இன்னொரு போட்டோவை, குறி எதுவும் போடாததை, கையில் கொடுத்தார். "இதுல மட்டும் உனக்கு என்ன தெரியுதோ, அதைக் குறி. சந்தேகமா இருக்கறதைக் குறிக்காதே."

40 நிமிஷம் உட்கார்ந்தேன். 4 புள்ளிதான் குறிக்க முடிந்தது. மீதி நான்கும் அந்த மங்கலில் என் கண்ணுக்குத் தட்டுப்படவே இல்லை. முதல் தடவை அவை எங்கிருந்து வந்தன? சீட்டில் பார்த்துவிட்டு, கண்ணாடி ரேகையில் அதே இடத்துக்குப் போய்த் தேடி, அந்த மங்கலில் ஒரு முடிவையும் ஒரு பிரிவையும் நானே உண்டாக்கியிருந்தேன். பொய் சொல்ல வேண்டும் என்று துளிகூட நினைக்கவில்லை. அவை அங்கே இருப்பதாகவே தெரிந்தன. கை சில்லிட்டுப் போனது. அவர் திட்டவில்லை. "உன் கண்ணுல கோளாறு இல்லம்மா. விடை உனக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு" என்றார்.

தெளிவு குறைவு, கிடைத்தவரை பார்த்தால் அந்த நபருடையது இல்லை என்றே படுகிறது என்று எழுதிக் கொடுத்தோம். பிரஸ் மீட்டில் ரேகை பற்றிப் பேச்சே வரவில்லை. விசாரணை அதிகாரி இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் அவரிடம் ஒன்று மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்: கடைசி மூன்று மாதத்தில் அந்த வீட்டுக்குள் வந்து போன எல்லோருடைய ரேகையும் வேண்டும். பால்காரர், கேபிள்காரர், கேஸ் கொண்டுவருகிறவர், பொங்கலுக்கு வெள்ளையடித்தவர்கள். ஒரு வழியாக ஒவ்வொருவராக வந்தார்கள். அலமாரிக்கு வார்னிஷ் அடித்த பாலிஷ்காரரும் வந்தார். இரண்டு கையையும் மேஜைமேல் வைத்து, "அம்மா, எனக்கு எதுவும் ஆகிடாதே?" என்று கேட்டார். உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து விரல் நுனிகள் வழவழவென்று இருந்தன. ரேகைகள் பாதி அழிந்து, தொடர்ந்து போக வேண்டிய கோடுகளெல்லாம் அங்கங்கே அறுந்து நின்றன. மை தடவி உருட்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த மங்கல், அந்த அறுந்த கோடுகள், நான் எதையும் அதில் படித்துக்கொள்ள முடிந்த அந்தக் காலியிடம் எல்லாம் அவருடைய தொழில் அவர் விரலில் செய்த வேலை. வலது நடுவிரல். அவருடையதுதான்.

அந்த டிரைவர்தான் கொலை செய்தவர். அடகுக் கடையிலிருந்து கம்மலும் சங்கிலியும் மீட்கப்பட்டன, வேறு சாட்சியங்களும் இருந்தன, தண்டனையும் கிடைத்தது. கேட்ட எல்லோரும், "பாத்தீங்களா, அவன்தானே!" என்றார்கள். ஆமாம், அவர்தான். ஆனாலும் அந்த ரேகை அவருடையது இல்லை. கதை உண்மையாக இருந்தது, நான் பார்த்தது பொய்யாக இருந்தது. இதை மாணவர்களுக்குப் புரியவைப்பதுதான் எனக்கு எப்போதும் சிரமமாக இருந்திருக்கிறது. ஆள் சரி என்பதற்காக ரேகை சரியாகிவிடாது. அதே வழக்கில் டிரைவர் நிரபராதியாக இருந்திருந்தாலும் நான் அதே 8 புள்ளிகளைத்தான் எண்ணியிருப்பேன்.

பிறகு சில வருஷம் கழித்து மாட்ரிட் வழக்கைப் பற்றிப் படித்தபோது, என் மேஜையில் நடந்ததையே உலகம் பார்க்கப் பெரிதாக்கி மாட்டியது போல் இருந்தது. 2004 மார்ச் 11 அன்று ஸ்பெயினில் ரயில்களில் குண்டு வெடித்தது. டெட்டனேட்டர்கள் இருந்த ஒரு நீல பிளாஸ்டிக் பையில் கிடைத்த ரேகையை அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்கு அனுப்பினார்கள். கம்ப்யூட்டர் 20 பேரைக் காட்டியது. அதில் நான்காவது பெயர் பிராண்டன் மேஃபீல்ட், ஓரிகானில் ஒரு வக்கீல். எஃப்.பி.ஐ. நிபுணர்கள் மூன்று பேர் அவர்தான் என்றார்கள். ஏப்ரலில் ஸ்பெயின் போலீஸ் பொருந்தவில்லை என்று பதில் எழுதியும் அவர்கள் மாறவில்லை. மே 6 அன்று கைது செய்தார்கள். கோர்ட் நியமித்த தனி நிபுணரும் அவர்தான் என்று சொன்னார். பிறகு ஸ்பெயின் போலீஸ் அந்த ரேகை ஓர் அல்ஜீரியருடையது என்று கண்டுபிடித்ததும் மேஃபீல்டை விட்டார்கள். 2006ல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு 20 லட்சம் டாலர் கொடுத்தது.

அதைப் பற்றி அமெரிக்க நீதித்துறையின் ஆய்வாளர் அலுவலகம் எழுதிய அறிக்கையில் ஒரு பகுதி என்னை உலுக்கியது. மேஃபீல்டின் ரேகையில் பார்த்த அடையாளங்கள், பையில் இருந்த மங்கலான ரேகையில் நிபுணர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தீர்மானித்துவிட்டன என்று அது சொல்கிறது. வித்தியாசமாக இருந்த இடங்களுக்கு, இழுபட்டிருக்கும், மேலே இன்னொரு தொடுதல் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். நான் சொல்லிக்கொண்ட அதே சமாதானம். மேஃபீல்ட் இஸ்லாத்துக்கு மாறியவர் என்பது முதல் முடிவை எடுத்தபோது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த பிறகு, முடிவைத் திரும்பிப் பார்க்க மனம் வராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறது அறிக்கை.

இட்டியல் ட்ரோர் என்ற உளவியலாளர் இதை வைத்து ஒரு சோதனை செய்து 2006ல் வெளியிட்டார். அனுபவம் வாய்ந்த ஐந்து ரேகை நிபுணர்களிடம் ஒரு ஜோடி ரேகையைக் கொடுத்து, எஃப்.பி.ஐ. தப்பாகச் சொன்ன மாட்ரிட் ரேகை இதுதான் என்றார்கள். உண்மையில் அந்த ஜோடி, பல வருஷம் முன்பு அதே நிபுணர் தன் வேலையில் பொருந்துகிறது என்று கையெழுத்துப் போட்ட ஜோடி. ஐந்து பேரில் நான்கு பேர் தங்கள் பழைய முடிவை மாற்றிக்கொண்டார்கள். ரேகை அதேதான், கண்ணும் அதேதான். காதில் விழுந்த கதை மட்டும் மாறியிருந்தது.

ரேகை பார்ப்பதே நம்பத்தகாத வேலை என்று இதை வைத்துச் சொல்லிவிட வேண்டாம். 2011ல் அமெரிக்காவில் 169 நிபுணர்களைக் கொண்டு செய்த பெரிய ஆய்வில், பொருந்தாததைப் பொருந்துகிறது என்று தப்பாகச் சொன்னது 0.1 சதவீதம்தான். பொருந்துவதைப் பொருந்தவில்லை என்று சொன்னது 7.5 சதவீதம். நல்ல வேலைதான் இது. ஆனால் சோதனையில் கொடுக்கும் ரேகைகளுக்குப் பின்னால் அறுந்த காது இருக்காது, பிரஸ் மீட் இருக்காது.

எங்கள் தொழிலுக்கென்று ஒரு பெருமிதம் உண்டு. உலகத்திலேயே முதல் விரல்ரேகைப் பதிவகம் 1897ல் கல்கத்தாவில்தான் தொடங்கியது. ஹென்றி முறை என்று உலகம் சொல்லும் வகைப்படுத்தலுக்குப் பின்னால் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய சப்-இன்ஸ்பெக்டர்களின் மூளை இருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் தலை நிமிரும். அதே பெருமிதம்தான், 'கைரேகை பொய் சொல்லாது' என்ற வாசகத்தை நம் தலையில் ஏற்றிவிடுகிறது. ரேகை பொய் சொல்லாது, சரி. அதைப் படிப்பது நாம்தானே.

அந்தத் தை மாதத்துக்குப் பிறகு நான் வேலை செய்யும் விதமே மாறியது. முதலில் சான்ஸ் பிரிண்ட் மட்டும். தெரிகிறதைக் குறித்து, தெளிவு எப்படி, எத்தனை புள்ளி என்று நோட்டில் எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்ட பிறகுதான் சீட்டு இருக்கும் கவரைப் பிரிப்பேன். சீட்டைப் பார்த்த பிறகு சான்ஸ் பிரிண்டில் புதிதாக ஏதாவது தெரிந்தால் அதைச் சிவப்பு மையில் குறிப்பேன். சிவப்பு அதிகமாகிக்கொண்டே போனால் நிறுத்திவிட வேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். எஃப்.பி.ஐ.யும் மேஃபீல்ட் வழக்குக்குப் பிறகு கிட்டத்தட்ட இந்த வரிசையைத்தான் கட்டாயமாக்கியது. எங்கள் டி.எஸ்.பி. அதற்கு ரொம்ப முன்பே ஒரு டிராயரை வைத்துச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

அப்புறம், சீட்டு தனியாக வருவதே ஆபத்து. ஒரு ரேகை, ஒரு சந்தேக நபர் என்று வந்தால், "இவன்தானா?" என்றுதான் மனம் கேட்கும். அதனால் ஆபீஸ் ரைட்டரிடம் சொல்லி, அதே வடிவமுள்ள வேறு இரண்டு பழைய சீட்டுகளையும் பெயரை மறைத்துச் சேர்த்துக் கொடுக்கச் சொல்வேன். அடையாள அணிவகுப்பில் ஒரே ஆளை நிறுத்திக் காட்டினால் நாம் ஒத்துக்கொள்வோமா? ரேகைக்கு மட்டும் அதை எப்படி ஒத்துக்கொள்கிறோம்? இப்போது நாஃபிஸ் வந்துவிட்டது, நாடு முழுக்க ஒரே ரேகைக் களஞ்சியம். தேடினால் பொருந்தக்கூடியவர்களை வரிசையாகக் காட்டும். அந்த வரிசையில் முதலில் நிற்பவர்மேல் கண் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் இருந்து மேலே பார்த்து வா என்று என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்களிடம் சொல்வேன். சிலர் எரிச்சல்படுவார்கள். பழகிய பிறகு விடமாட்டார்கள்.

போன் ஒரு பெரிய விஷயம். விசாரணை அதிகாரி ஆபீசுக்கு நேரடியாகப் போன் செய்தால் எழுத்தர் எடுத்து, "மேடம் பார்த்துக்கிட்டிருக்காங்க, முடிஞ்சதும் கூப்பிடுவாங்க" என்று சொல்லிவிட வேண்டும். இதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இரண்டு தடவை விளக்கிச் சொன்னால் பெரும்பாலோர் புரிந்துகொள்கிறார்கள். "ஒத்துக்கிட்டான்" என்ற ஒரு வார்த்தை காதில் விழுந்துவிட்டால், அதைத் திரும்ப எடுக்க முடியாது.

சரிபார்ப்பில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஐயா பார்த்து முடிவு சொல்லிவிட்டார், நீயும் பார்த்துக் கையெழுத்துப் போடு என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் வந்தால் அவர் என்ன செய்வார்? சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருக்கும். பெரியவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிப்பது நம் வளர்ப்பிலேயே இல்லை. அதனால் நான் பொறுப்புக்கு வந்த பிறகு வரிசையைத் தலைகீழாக்கினேன். சின்னவர் முதலில் பார்ப்பார், பெரியவர் பிறகு. முதலில் பார்த்தவரின் முடிவு ஒட்டிய கவருக்குள் இருக்கும். இரண்டாமவர் எழுதிய பிறகுதான் பிரிப்போம். ஒரு தடவை சேர்ந்து எட்டு மாதமே ஆன பையன் எழுதியது எனக்கு எதிராக இருந்தது. பிரித்துப் பார்த்தபோது அவனுக்கு வியர்த்துவிட்டது. மூன்றாவது ஆளிடம் கொடுத்தோம். பையன் சொன்னதுதான் சரி. அன்று எல்லோருக்கும் நான் டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த தடவை அவன் பயப்படாமல் எழுத அது உதவும் என்று நினைத்தேன், உதவியது.

ஸ்பாட்டில் மட்டும் கதை வேண்டும். எந்த வழியாக வந்தார்கள், எதைத் தொட்டிருப்பார்கள், விளக்கு எரிந்ததா, தண்ணீர் குடித்தார்களா என்று யோசிக்காமல் வீடு முழுக்கப் பவுடர் போட முடியாது. அங்கே கதை கேட்பதும் கற்பனை செய்வதும் வேலைதான். ஸ்பாட்டுக்குப் போனவர் ஒப்பிடக் கூடாது, ஒப்பிடுகிறவர் ஸ்பாட்டுக்குப் போகக் கூடாது. இப்படிப் பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டப்படி, 7 வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போயாக வேண்டும். மாநிலங்கள் இதை ஐந்து வருஷத்துக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்பாட்டு வேலை கூடுகிறது. ஆட்களைச் சேர்க்கும்போது இந்தப் பிரிவினையையும் சேர்த்து யோசித்தால் எவ்வளவோ நல்லது. இதைப் படிக்கிற அதிகாரிகள் யாராவது இருந்தால், தயவுசெய்து யோசியுங்கள்.

கோர்ட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூண்டில் ஏறியதும் நாம் ஏதோ ஒரு பக்கத்து ஆள் என்ற எண்ணம் தானாக வந்துவிடும். அரசு வக்கீல் சிரித்தால் தெம்பு வரும், எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தினால் கோபம் வரும். "இது உங்க அபிப்பிராயம்தானேம்மா?" என்று கேட்டால் ஆரம்பத்தில் எனக்குச் சுருக்கென்று இருக்கும், "இல்லை, இது விஞ்ஞானம்" என்று வீம்பாகச் சொல்லியிருக்கிறேன். அபிப்பிராயம்தான் அது. சட்டமே அதை அப்படித்தான் அழைக்கிறது. 1999ல் உச்ச நீதிமன்றம் இமாச்சலப் பிரதேசத்து ஆப்பிள் விளைச்சல் பற்றிய ஜெய்லால் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது: நிபுணரின் வேலை, நீதிபதி தானே சரிபார்த்து முடிவுக்கு வருவதற்கான அளவுகோல்களைக் கொடுப்பது. அதைப் படித்த பிறகு, "ஆமாம் ஐயா, அபிப்பிராயம்தான். காரணங்களைக் காட்டுகிறேன்" என்று போட்டோவைத் திருப்பிவைக்கப் பழகினேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன நாளில் நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

இனி இரண்டாவது தொல்லை.

ஒரு குழந்தை வழக்கு. எந்த வருஷம், எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். ஏழு வயதுப் பெண் குழந்தை. வீட்டில் கிடைத்த ரேகைகளிலிருந்து அவளுடையதை ஒதுக்க வேண்டும், அதனால் மார்ச்சுவரிக்குப் போய் அவள் ரேகையை எடுத்தேன். இறந்தவர்களின் கை மூடி இறுகியிருக்கும். மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கினால் விரல்கள் கொஞ்சம் விரியும். சின்னத் துண்டுக் காகிதத்தை வளைந்த தகட்டில் செருகி விரலின் மேல் உருட்ட வேண்டும். வலது கட்டைவிரலில் ஆரம்பிப்பதுதான் முறை. "பாப்பா கையை நான் புடிச்சுக்கறேம்மா, நீங்க உருட்டுங்க" என்றார் அங்கே வேலை செய்த பெரியவர். பத்து விரலிலும் மருதாணி, நுனிகளில் தொப்பி மாதிரி, இன்னும் நிறம் போகாமல். குழந்தைகளின் ரேகை நூல் மாதிரி மெல்லிசாக, நெருக்கமாக இருக்கும். பத்தையும் எடுத்தேன். சுத்தமான சீட்டு, ஒரு விரல்கூடக் கலையவில்லை.

ஆபீசுக்கு வந்த பிறகு நான் செய்த தப்பு, கேஸ் ஃபைல் முழுவதையும் படித்தது. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வரை. போட்டோ ஆல்பத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். ஒப்பிடும் வேலைக்கு அதில் ஒரு வரிகூடத் தேவையில்லை. படிக்காமல் விட்டால் அந்தக் குழந்தையை அவமதிப்பது போல் எனக்குத் தோன்றியது. இப்படி நினைக்கிறவர்கள் எங்கள் தொழிலில் நிறையப் பேர். நல்ல மனதோடுதான் நினைக்கிறார்கள்.

என் மகளுக்கும் அப்போது ஏழு வயது. ஆடி மாதம் மாமியார் அவளுக்கு மருதாணி அரைத்து வைத்தார். மறுநாள் காலை கழுவிவிட்டு, "அம்மா பாரும்மா, எவ்வளவு செவப்பு!" என்று இரண்டு கையையும் நீட்டினாள். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். அன்று தொடங்கி அவள் கையைப் பிடித்து ரோடு தாண்ட என்னால் முடியவில்லை, தோளைப் பிடித்துக்கொள்வேன். ராத்திரி மூன்று தடவை எழுந்து தாழ்ப்பாளைப் பார்ப்பேன். பள்ளிக்கூட வேன் பத்து நிமிஷம் தாமதமானால் டிரைவரைத் திட்டுவேன். வீட்டுக்காரர் கேட்டால், "வேலை ஜாஸ்தி" என்பேன். ஆபீசில் சொன்னால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்: பழகிடும். எனக்குப் பழகவில்லை. பழகிவிட்டது என்று சொன்ன இரண்டு மூன்று பேரை நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் வீட்டிலும் யாரோடும் பேசுவதில்லை.

மருத்துவக் கல்லூரியில் போஸ்ட்மார்ட்டம் செய்கிற ஒரு டாக்டரம்மாவோடு ஒரு நாள் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எந்தக் குழந்தை?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. அரை மணி நேரம் பேசினேன். குழந்தைகளைப் பார்க்கும் நாளில் தான் ஒரு வழக்கம் வைத்திருப்பதாகச் சொன்னார். வீட்டுக்குப் போனதும் கணவரிடம், "இன்னிக்கு ஒரு குழந்தை" என்று மட்டும் சொல்வாராம். விவரம் எதுவும் கிடையாது. அவரும் கேட்க மாட்டார். அன்று சமையல் அவர் பொறுப்பு. அவ்வளவுதான். விவரத்தைச் சொன்னால் கேட்பவருக்கும் அந்தப் பாரம் ஏறும். ஒன்றுமே சொல்லாவிட்டால் நமக்கு என்ன ஆயிற்று என்று அவர்களுக்குத் தெரியாது. நானும் வீட்டில் இதை ஆரம்பித்தேன்.

அது மட்டும் போதவில்லை. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் போனேன், ஆறு தடவை. சர்வீஸ் ரெக்கார்டில் ஏறிவிடுமோ என்று பயந்து முதல் தடவை சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு ஓ.பி. வரிசையில் நின்றேன். எதிலும் ஏறவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேட்டின் 2013ஆம் வருஷப் பதிப்பிலேயே, வேலையின் காரணமாகக் கொடுமையான விவரங்களைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதும் மன அதிர்ச்சி நோய்க்குக் காரணமாகலாம் என்று சேர்த்திருக்கிறார்கள். மனித உடல் பாகங்களைச் சேகரிப்பவர்களை அதில் உதாரணமாகவே சொல்லியிருக்கிறார்கள். வேலைக்காகப் பார்க்கும் போட்டோக்களும் அந்தக் கணக்கில் வரும். இது எனக்கு அப்போதே தெரிந்திருந்தால், என்னிடம்தான் ஏதோ குறை என்று அத்தனை மாதம் நினைத்திருக்க மாட்டேன். தமிழ்நாடு காவல்துறை, பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் உதவியோடு போலீசாருக்கு நிறைவாழ்வுப் பயிற்சி நடத்தியிருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், வீட்டுக் குழந்தைகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், தள்ளிப் போடாதீர்கள்.

பிறகுதான் எனக்கு அந்த ஒரே வாசல் புரிந்தது. தை மாத வழக்கில் என் கண்ணைக் கோணலாக்கியது எனக்குத் தேவையில்லாத கதை. குழந்தை வழக்கில் என் தூக்கத்தைக் கெடுத்ததும் எனக்குத் தேவையில்லாத கதை. அதற்கு மேல் நான் போட்டோகிராபரிடம் சொல்லிவைத்துவிட்டேன்: ரேகை, பக்கத்தில் அளவுகோல், அவ்வளவு மட்டும் வெட்டிக் கொடுங்கள், ஆல்பம் என் மேஜைக்கு வரவே வேண்டாம். இதனால் என் அக்கறை குறைந்துபோகவில்லை. அந்தக் குழந்தையின் ரேகையைச் சரியாக ஒதுக்கிக் கொடுத்தேன். அவளுக்காக என்னால் செய்ய முடிந்தது அது, அதில் பிசகவில்லை.

மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அறிவியல் கண்காட்சிக்கு விரல்ரேகையைப் பற்றிச் செய்கிறேன், நீதான் சொல்லித்தர வேண்டும் என்றாள். சாப்பாட்டு மேஜையில் நியூஸ்பேப்பர் விரித்து, கண்ணாடித் துண்டில் மையை ரோலரால் இழுத்தேன். அவள் கையை நீட்டினாள். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னம்மா?" என்றாள். ஒன்றும் இல்லை, விரலை இறுக்காதே, தளர்வாக விடு, உருட்டுவது என் வேலை என்றேன். வலது கட்டைவிரலில் ஆரம்பித்தோம். மாமியார் வந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எத்தனை சங்கு, எத்தனை சக்கரம் என்று எண்ண ஆரம்பித்தார்.